மாத்திரைக்கு அப்பால் உள்ள வேலை

மனச்சிதைவு நோய்க்கு 'முழுமையான சிகிச்சை' என்றால் மாத்திரையோடு கொஞ்சம் யோகாவும் பாட்டும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இந்த வேலையில் இருப்பவர்களுக்கு அது வேறு கணக்கு: மாத்திரையால் ஆகாததை யார், எப்போது செய்வது?

ரிஸ்பெரிடோன், ஓலான்சபின் வகை மருந்துகள் பெரும்பாலானவர்களுக்குக் காதில் கேட்கும் குரல்களையும் சந்தேகத்தையும் தணிக்கும். குளிக்க மனம் வராததை, பேச்சு சுருங்கிப்போனதை அவ்வளவாகத் தொடாது. "அதான் நல்லாயிடுச்சே, இன்னும் என்ன சோம்பேறித்தனம்" என்று வீட்டில் ஏச்சு தொடங்குவது இங்கேதான். அதுவும் நோய்தான் என்பதைக் குடும்பத்துக்கு ஒருமுறை சொன்னால் போதாது, ஒவ்வொரு முறை வரும்போதும் சொல்ல வேண்டும். ஏச்சு மிகுந்த வீட்டில் நோய் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம்.

அன்றாட வேலையை ஒன்றிலிருந்து தொடங்கலாம். காலையில் பால் பாக்கெட் வாங்கி வருவது, இரண்டு வாரத்துக்கு அது மட்டும். பிறகு அடுத்தது. வீட்டார் மகிழ்ச்சியில் ஒரே வாரத்தில் ஐந்து வேலை கொடுத்துவிடுவார்கள். ஆள் மறுபடி போர்வைக்குள் போய்விடுவார். சம்பள வேலைக்குப் போகும்போது இரவு ஷிப்ட் வேண்டாம்.

காபியில் மாத்திரையைக் கரைத்துக் கொடுப்பது நம் வீடுகளில் சகஜம். தெரிந்துபோகும் நாளில் 'எனக்கு விஷம் வைக்கிறார்கள்' என்ற சந்தேகத்துக்குக் கண்முன்னே சாட்சி கிடைத்துவிடும். மாத்திரையை மறுப்பவரிடம் ஏன் என்று கேட்டால் பல நேரம் பதில் உடம்பில் இருக்கிறது. கால் ஓரிடத்தில் நிற்காமல் நடந்துகொண்டே இருப்பது மருந்தின் விளைவாக இருக்கலாம். நோய் முற்றிவிட்டதென்று அளவைக் கூட்டினால் இன்னும் மோசமாகும். ரிஸ்பெரிடோனில் மாதவிடாய் நின்றுபோவதைப் பெண்கள் தாமாகச் சொல்வதில்லை, கேட்க வேண்டும். ஓலான்சபின் தொடங்கும் அன்றே எடை, இடுப்புச் சுற்றளவு, வெறும் வயிற்றுச் சர்க்கரை பார்த்து, மூன்றாம் மாதம் மறுபடி பார்க்க வேண்டும்.

இரண்டு மருந்துகளைப் போதிய அளவில், தலா ஆறு வாரமாவது கொடுத்தும் பலனில்லையென்றால் குளோசபின். 12.5 மில்லிகிராமில் தொடங்கி மெல்ல ஏற்ற வேண்டும். முதல் 18 வாரம் வாராவாரம் ரத்த வெள்ளணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டு நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவைக் கொடுக்கக் கூடாது, மறுபடி 12.5-லிருந்துதான். இந்த மருந்தால் வரும் மலச்சிக்கலை அற்பமென்று விட்டால் உயிருக்கே ஆபத்து. பீடியும் கணக்கில் உண்டு: புகை இந்த மருந்தை உடம்பிலிருந்து வேகமாக வெளியேற்றும். வார்டில் பீடியில்லாமல் சரியாயிருந்த அளவு, வீட்டில் பிடிக்கத் தொடங்கியதும் போதாமல் போகும்.

தர்காவுக்கும் கோயிலுக்கும் போகிறவர்களிடம் சண்டை போட்டுப் பயனில்லை. 2001 ஆகஸ்ட் 6-இல் ஏர்வாடி தர்காவை ஒட்டியிருந்த மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் உட்பட 28 பேர் தீயில் இறந்தார்கள். நாம் எதிர்க்க வேண்டியது சங்கிலியை. வேண்டுதல் இருக்கட்டும், மாத்திரையும் கூடவே போகட்டும்.

நோய் திரும்புவதைப் பெரும்பாலும் தூக்கம்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். நாள்காட்டித் தாளில் தூங்கிய நேரத்தை அம்மா குறித்து வந்தாலே போதும். தொடர்ந்து இரண்டு இரவு தூக்கம் கெட்டால், அடுத்த மாதத் தேதிக்குக் காத்திராமல் மறுநாளே வந்துவிட வேண்டும்.