ட்யூன் செய்த காரும் கலிஃபோர்னியா ஸ்மாக் செக்கும்

ஸ்மாக் செக் என்பது காரின் புகைச் சோதனை. அதில், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் மாற்றிய குழாய், மஃப்ளர் பற்றிக் கவலை வேண்டாம். சிக்கல் அதற்கு முன்னால்தான். ஹெடர் (எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுவரும் குழாய்கள்) மாற்றிப் போட்டிருந்தால், உங்கள் மாடலுக்கும் வருடத்துக்கும் பொருந்தும் ஈ.ஓ. எண், அதாவது கலிஃபோர்னியா காற்று வாரியம் தரும் அனுமதி எண், வேண்டும். அந்த எண் பொறித்த தகடு பானெட்டைத் திறந்து டார்ச் அடித்தால் தெரியணும். வெப்பக் கவசத்தை மாட்டி மறைத்துவிடாதீர்கள்.

2021 ஜூலை முதல் ஈ.சி.யு. (எஞ்சினை இயக்கும் கணினி) மென்பொருளையும் பார்க்கிறார்கள். கம்பெனியுடையதாகவோ ஈ.ஓ. பெற்றதாகவோ இல்லையென்றால் ஃபெயில்.

சோதனைக்கு முந்தின நாள் பேட்டரியைக் கழற்றி, கார் பதிந்து வைத்த பழுதுக் குறியீடுகளை அழிப்பது வீண் வேலை; மானிட்டர்கள், அதாவது கார் தன்னைத்தானே சோதித்து வைத்த முடிவுகள், எல்லாம் அழிந்துவிடும். 2000 மாடல் முதல் பெட்ரோல் கார்களுக்கு ஈவாப் (பெட்ரோல் ஆவி கசிவைப் பார்க்கும்) மானிட்டர் மட்டுமே முடியாமல் இருக்கலாம். மற்ற மானிட்டர்கள் முடிய, டாங்கில் பாதி பெட்ரோல் வைத்து, இரவு முழுக்க ஆறவிட்டு, காலையில் ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் சீராக ஓட்டுங்கள். சில நாள் ஆகும், பொறுமையாக இருங்கள்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' சத்தமா? ஹெடர் எஞ்சினோடு சேரும் இடத்திலுள்ள கேஸ்கட் கசிகிறதா என்று பாருங்கள். அந்த வழியே வெளிக்காற்று புகுந்தால் ஆக்சிஜன் சென்சார் 'லீன்' (பெட்ரோல் குறைவு) என்று காட்டும், ஈ.சி.யு. பெட்ரோலைக் கூட்டும், கடைசியில் அடிவாங்குவது கன்வெர்ட்டர். கன்வெர்ட்டர் நன்றாக இருப்பதுபோல் காட்ட, சென்சாருக்கு ஸ்பேசர் (இடைத்துண்டு) வைத்து ஏமாற்றுவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.