கிரேயான் பெட்டியும் நிவாரண மனுவும்

பேரிடர் முகாமில் குழந்தைகளுக்கு மனநல உதவி என்றாலே, ஆளுக்கொரு வெள்ளைத்தாளும் கிரேயானும் கொடுத்து "புயல் எப்படி வந்துச்சுன்னு வரைங்க பார்ப்போம்" என்று உட்கார வைப்பது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்த பிறகு அந்தப் பகுதி முகாம்களில் வேலை செய்தேன். காலையில் ஒரு குழு, மதியம் இன்னொரு குழு என்று வந்து, அதே பிள்ளைகளை அதே புயலை வரையச் சொன்னார்கள். பிள்ளைகள் விவரமானவர்கள், இரண்டாவது குழுவுக்குப் படத்தைத் தயாராகவே வைத்திருந்தார்கள். நடந்ததைச் சொல்லும்படி யாரையும் நெருக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டிலேயே இருக்கிறது. தானாகச் சொல்ல வந்தால் காது கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

எட்டு வயதுப் பிள்ளை மறுபடி பாயை நனைக்கும், கழிப்பறைக்குக்கூட அம்மா கூட வரணும் என்று அழும், ராத்திரி தார்ப்பாய் படபடத்தால் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இதெல்லாம் மெல்ல மெல்ல அடங்கிவிடும். அதைத் தாய்மார்களிடம் சொல்வதே பாதி வேலை, ஏனென்றால் அடி விழுவது அந்த நனைந்த பாய்க்காகத்தான். "பிள்ளை பயந்திருக்கு, நாகூர்ல ஓதிட்டு வரணும்" என்பார்கள். போயிட்டு வாங்க என்போம். எங்களோடு வந்த பயிற்சி மாணவிக்கு அது பிடிக்கவே இல்லை. அம்மா மடியில் உட்கார்ந்து பஸ்ஸில் போய், ஒரு பெரியவர் தலையில் கை வைத்து ஓத, வரும் வழியில் எதையாவது வாங்கித் தின்றுவிட்டு வருவதில் என்ன கெடுதல்? வாரக்கணக்கில் பேச்சில்லை, தூக்கமில்லை என்றால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கும் கூட்டிப் போங்க என்று சேர்த்துச் சொல்லிவிடுவோம்.

உண்மையில் எங்கள் நேரத்தை அதிகம் எடுத்துக்கொண்டவர்கள் அப்பாக்கள். ஒரு தென்னை காய்ப்புக்கு வர ஐந்தாறு வருஷமாவது ஆகும். மகள் கல்யாணம், மகன் காலேஜ் எல்லாக் கணக்கும் அந்தத் தோப்பில்தான் இருந்தது. வேரோடு சாய்ந்த மரத்தின் மேல் நாள் முழுக்கப் பேசாமல் உட்கார்ந்திருக்கும் அப்பா இருக்கிற வீட்டில் பிள்ளை எப்படித் தூங்கும்? "மனசுல என்ன இருக்கு, சொல்லுங்கண்ணே" என்று கேட்டால், "மனசுல என்னம்மா இருக்கு, மரத்தக் கணக்கெடுக்க எப்ப வருவாங்க?" என்பார். சரி என்று வி.ஏ.ஓ. அலுவலகத்துக்குக் கூடவே போவோம், மனு எழுதிக் கொடுப்போம். பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, பட்டாவை ஜெராக்ஸ் எடுக்கவே டவுனுக்கு ஓட வேண்டியிருந்தது. அப்படி வரிசையில் நிற்கும்போதுதான் பேச்சு வரும், "செத்துரலாம்னு இருக்கும்மா" என்பதும் அங்கேதான் வரும். அப்படிச் சொன்னவரை அன்றைக்குத் தனியாக விட மாட்டோம், வீட்டு ஆட்களிடம் சொல்லி டாக்டரிடமும் கொண்டுபோய்ச் சேர்ப்போம். இந்த வேலையை மாத அறிக்கையில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எங்கள் அலுவலகத்தில் ஒரு சண்டையே நடந்தது.

அந்த முகாம்களில் இருந்த இளம் தாய்மார்கள் சிலர், 2004 சுனாமி வந்தபோது பள்ளிப் பிள்ளைகள். நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோன அலை அது. அப்போது பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனத்து ஆட்கள் வந்து பயிற்சி கொடுக்க, உள்ளூர்க்காரர்களே வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். எனக்குத் தெரிந்து உருப்படியாக நடந்தது அதுதான். கஜா எச்சரிக்கை வந்ததும் இந்தத் தாய்மார்களில் சிலர் மதியமே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்கு வந்துவிட்டார்கள். ஒருத்தி மட்டும் "கதவச் சாத்துனா எனக்கு மூச்சு முட்டும்க்கா" என்று வாசலிலேயே நின்றிருக்கிறாள். அவளுக்குக் கதவோரமாக ஓர் இடம் வேண்டும் என்பது புயலுக்கு முன்பே அந்தத் தெருவில் யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும், இல்லையா?

அதனால் இப்போது மழைக்காலத்துக்கு முன்பே ஊர்களுக்குப் போகிறோம். எந்த மண்டபம், யார் யாரைக் கூட்டிப் போவது என்று பேசி வைக்கிறோம், பிள்ளைகளுக்கும் டார்ச், ரேஷன் கார்டு பை என்று ஒரு பொறுப்பு கொடுக்கிறோம், டிவியில் நாள் முழுக்கப் புயல் செய்தி ஓட வேண்டாம் என்கிறோம், குழந்தைகள் உதவி எண் 1098, மனநல உதவி எண் 14416 இரண்டையும் நோட்டு அட்டையில் எழுத வைக்கிறோம். அப்புறம் இதற்கு நிதி கேட்டுப் போனால், "இப்ப புயல் எதுவும் இல்லையே மேடம்" என்கிறார்கள்.