ஏழாம் பிரிவும் நியாயமான அவகாசமும்

வட்டாட்சியராக நான் கையெழுத்திட்ட காகிதங்களில் மிகவும் கனத்தவை ஆக்கிரமிப்பு நோட்டீஸ்கள். 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் இதில் இரண்டு படிகளை வைத்திருக்கிறது. 7-ஆம் பிரிவின்படி முதலில் விளக்கம் கேட்க வேண்டும். அதைப் பரிசீலித்த பிறகுதான் 6-ஆம் பிரிவின்படி காலி செய்யச் சொல்லலாம். ஆங்கிலேயர் ஆட்சியில், அரசு நிலத்தைக் காப்பதற்கென்றே எழுதப்பட்ட சட்டம் அது. அதுவே, பேச வாய்ப்புத் தராமல் ஒருவர் கூரையில் கைவைக்காதே என்கிறது.

தனிமனிதர் சட்டம் தடுக்காத எதையும் செய்யலாம். அரசு அலுவலர் சட்டம் கொடுத்ததை மட்டுமே செய்யலாம். பயிற்சிக் காலத்தில் மனப்பாடம் செய்த இந்த வரியை ஓர் ஏரிப் புறம்போக்கு விவகாரத்தில் உரக்கச் சொல்ல வேண்டிவந்தது. ஆலோசனைக் கூட்டத்தில் ஒருவர், முதலில் மின் இணைப்பைத் துண்டித்தால் குடிசைக்காரர்கள் தாங்களாகவே கிளம்பிவிடுவார்கள் என்றார். எந்தப் பிரிவின் கீழ் என்று கேட்டேன். பதில் இல்லை. நான் கேட்டதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொண்டார்கள். அதற்காக நான் வருந்தவில்லை. குழந்தைகளை இருட்டில் உட்காரவைத்துக் குடும்பங்களை விரட்டும் அதிகாரத்தை எந்தச் சட்டமன்றமும் எனக்குக் கொடுக்கவில்லை.

ஏரியை மீட்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயம் இருந்ததே இல்லை. வரத்துக் கால்வாய் அடைபட்டால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது. ஏரி நிரம்பினால் உபரி நீர் வழியும் கலங்கலிலிருந்து நீர் வெளியேறும் வழி மறிக்கப்பட்டால் மழைக்காலத்தில் ஊருக்குள் வெள்ளம். பொது நிலங்களை மீட்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2011-இல் ஜக்பால் சிங் வழக்கில் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. குடிசைக்காரரின் ஏழ்மையைச் சொல்லி ஏரிப் பாசனத்தை நம்பியிருக்கும் ஆயக்கட்டு விவசாயியின் தண்ணீரை விட்டுக்கொடுக்க முடியாது. அவரும் ஏழைதான்.

ஆனால் நோட்டீஸ் போனதும் அந்த மக்கள் எடுத்துவந்து காட்டியவை வீட்டுவரி ரசீது, மின் கட்டண அட்டை, குடும்ப அட்டை, பி-மெமோ ரசீதுகள். பி-மெமோ என்பது ஆக்கிரமிப்பைக் கணக்கில் கொண்டுவந்து தண்டத் தீர்வை, அதாவது அபராத வரி, விதிக்கும் படிவம். கிராம நிர்வாக அலுவலர் எழுதுவார், வருடாந்தர வருவாய்த் தணிக்கையான ஜமாபந்தியில் கணக்குப் பார்ப்போம், பணம் வசூலாகும். அந்த ரசீது ஒருநாள் பட்டாவாக மாறும் என்று நம்பிப் பத்திரப்படுத்தியிருந்தார்கள். சட்டப்படி அது எந்த உரிமையையும் தராது. ஆக்கிரமிப்புக்கே அது சான்றாகிவிடும். தப்பென்றால் ஏன் வருஷா வருஷம் பணம் வாங்கினீர்கள் என்று ஒரு மூதாட்டி கேட்டார். அவருக்குச் சட்டப் பிரிவைக் காட்டியிருக்கலாம். ஆனால் இத்தனை ஆண்டுகள் தீர்வை வாங்கிய அரசு, அவர் அங்கே குடியிருப்பதே தெரியாததுபோல் நடந்துகொள்ள முடியாது. தெரிந்தே குடியிருக்கவிட்ட ஏழைகளுக்கு மாற்று மனை தர வேண்டியது அரசின் கடமை. கோப்பில் அப்படித்தான் எழுதினேன். ஊர்க் குடியிருப்புக்கான நத்தம் நிலத்தில் மனைப்பட்டா தயாராகும்வரை பொக்லைன் இயந்திரத்தை அங்கே அனுப்பவில்லை.

காலி செய்ய 6-ஆம் பிரிவு நியாயமான அவகாசம் தரச் சொல்கிறது. எத்தனை நாள் என்று சொல்லவில்லை. 1985-இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில், பிழைப்புக்கான உரிமையும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்றது உச்ச நீதிமன்றம். அதற்காக, பம்பாய் நடைபாதைகளில் குடியிருக்க உரிமை உண்டு என்று அது தீர்ப்பளிக்கவில்லை. அகற்றலாம், ஆனால் மழைக்காலம் கழிந்து அக்டோபர் 31 வரை பொறுக்க வேண்டும் என்றது. அதை மேற்கோள் காட்டித்தான் பள்ளி ஆண்டுத் தேர்வு முடியும்வரை அவகாசம் கொடுத்தேன்.

எங்கிருந்து தொடங்குவது என்பதையும் சட்டம் சொல்வதில்லை. வழக்கமாகக் குடிசையில் தொடங்குவார்கள். அங்கே எதிர்ப்பு குறைவு. அந்த ஏரிக்குள் ஒரு திருமண மண்டபத்தின் சுற்றுச்சுவரும் இருந்தது. நில அளவர் புல வரைபடத்தை வைத்து அளந்தபோது அதுவே பெரிய பரப்பு. முதல் நோட்டீஸை அங்கேதான் அனுப்பினேன். உரிமையாளர் உயர் நீதிமன்றத்தில் தடையாணை பெற்றார். அது அவருடைய உரிமை. அப்படி ஒரு வழி இருப்பது குடிசைக்காரருக்கும் தெரிய வேண்டும் அல்லவா? அதனால் ஒவ்வோர் உத்தரவின் அடியிலும், மேல்முறையீடு செய்யலாம் என்பதையும் வட்ட சட்டப் பணிகள் குழு மூலம் இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார் என்பதையும் சேர்க்கச் சொன்னேன். எதிராளிக்கு நாமே வழிகாட்டுவதா என்று அலுவலகத்தில் முணுமுணுப்பு எழுந்தது. குடிமக்களை அரசின் எதிராளியாக நினைப்பதை நான் ஒருபோதும் ஏற்றதில்லை.

2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், கட்டடங்களை இடிக்கும் முன் குறைந்தது 15 நாள் அவகாசத்துடன் நோட்டீஸ் தர வேண்டும், இடிப்பதை வீடியோவில் பதிய வேண்டும், மீறும் அலுவலர் சொந்தப் பணத்தில் ஈடுசெய்ய வேண்டும் என்றெல்லாம் வழிகாட்டுதல் வகுத்தது. சாலை, நடைபாதை, ரயில் பாதை ஓரம், நீர்நிலை ஆகியவற்றுக்கு அதே தீர்ப்பில் விலக்கும் இருக்கிறது. அப்படியானால் ஏரிக்கு நோட்டீஸே வேண்டாமா ஐயா என்று இளைய வட்டாட்சியர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார். விலக்கு அந்த வழிகாட்டுதல்களுக்குத்தான் தம்பி, 7-ஆம் பிரிவு அப்படியே இருக்கிறது என்றேன். கதவில் ஒட்டிவிட்டுத் திரும்பாமல் கையில் கொடுக்கவும், படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டவும் சொன்னேன். மேலிடத்திலிருந்து வாய்மொழியாக அவசரப்படுத்தினால் என்ன செய்வது என்றும் கேட்டார். உத்தரவை எழுத்தில் தரச் சொல்லுங்கள் என்றேன். அப்படிக் கேட்ட பிறகு என் மேசைக்கு வந்த உத்தரவுகள் எல்லாம் சட்டத்துக்கு உட்பட்டவையாகவே இருந்தன.