டெல்லியில் சீனத் தூதர்கள்: எண்ணிக்கை எங்கே பிசகுகிறது?

இந்தியாவுக்கான சீனத் தூதர்களைப் பட்டியலிடும்போது பலர் முதல் பெயரிலேயே தடுக்கி விழுகிறார்கள். 1947இல் வந்த லுவோ ஜியாலுன், கம்யூனிஸ்ட்களிடம் தோற்ற சியாங் கை-ஷேக் அரசின் தூதர். 1949 டிசம்பர் 30 அன்று கம்யூனிஸ்ட்களின் மக்கள் சீனத்தை இந்தியா அங்கீகரித்ததும் அந்த வரிசை முடிந்துவிட்டது. 1950இல் வந்த யுவான் ஜோங்சியானிலிருந்துதான் இன்றைய வரிசை தொடங்குகிறது. அவர் ராணுவத் தளபதி. புதிய அரசு தன் முதல் தூதர்கள் பலரைப் படையிலிருந்தே எடுத்தது.

அடுத்தவர் பான் ஸிலி. 1962 ஜூலையில், இந்திய-சீனப் போருக்கு மூன்று மாதம் முன்பே, அவர் கிளம்பிவிட்டார். பீஜிங்கில் இந்தியத் தூதராக இருந்த நம் சென்னைக்காரர் ஜி. பார்த்தசாரதி 1961லேயே திரும்பியிருந்தார். உறவு முறியவில்லை, தரம்தான் இறங்கியது. 1976 வரை இரு பக்கமும் பொறுப்புத் தூதர்கள் மட்டுமே, அதாவது தூதர் இல்லாதபோது தூதரகத்தை நடத்தும் அதிகாரிகள்.

இந்த வேறுபாடு முக்கியம். தூதரின் நியமனக் கடிதம் நாட்டின் தலைவர் இன்னொரு நாட்டின் தலைவருக்கு எழுதுவது. அதைக் குடியரசுத் தலைவரிடம் நேரில் கொடுக்க வேண்டும். பொறுப்புத் தூதர் விவகாரம் வெளியுறவு அமைச்சர்கள் மட்டத்தோடு நின்றுவிடும். இவர்களையும் சேர்த்து எண்ணினால் வரிசையே குழம்பும்.

1976இல் கே.ஆர். நாராயணன் தூதராகப் பீஜிங் போனார், சென் ஜாவோயுவான் டெல்லி வந்தார். சீனத் தூதர் வரிசையில் சென் மூன்றாமவர். பதினாறாமவரான சுன் வெய்டோங் 2022 அக்டோபரில் விடைபெற்ற பின் சுமார் 18 மாதம் பதவி காலி. 2024 மே மாதம் வந்த ஷூ ஃபெய்ஹோங் பதினேழாமவர். பதினெட்டு என்று வந்தால், லுவோ ஜியாலுன் உள்ளே நுழைந்திருக்கிறாரா என்று பாருங்கள்.