பென்சில் கோடு நின்ற பக்கம்

மூன்று மாதங்களுக்கு முன் நண்பருக்கு இரவல் கொடுத்த ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ நாவல் இன்று என் கைக்குத் திரும்பியது.

பிரித்துப் பார்த்தால், ஓரங்களில் மெல்லிய பென்சில் கோடுகள் தெரிந்தன. (இரவல் புத்தகத்தில் கோடு போடுபவர்களை நான் எளிதில் மன்னிப்பதில்லை.)

நான் வியந்து நின்ற போர்க்காலக் காட்சிகளை அந்தக் கோடுகள் தொடாமலே கடந்திருந்தன. நான் வேகமாகப் புரட்டிச் சென்ற, கதைநாயகன் பாண்டியன் தன் ஊரை நினைத்துக்கொள்ளும் இடங்களிலோ அவை நெருக்கமாக விழுந்திருந்தன.

பாதிக்கு மேல் ஒரு கோடும் இல்லை. சலித்துவிட்டதோ என்று தயங்கியபடி கேட்டேன்.

“பென்சிலைத் தேட மனம் வரவில்லை” என்றார்.

1972இல் வெளிவந்த இந்த நாவலையும் அதற்கு முந்தைய ‘கடலுக்கு அப்பால்’ நாவலையும் மட்டுமே எழுதிய ஒருவரைப் பிறருக்கு அறிமுகப்படுத்தும்போது, அவர்களுக்கும் பிடிக்க வேண்டுமே என்ற பதற்றம், நாமே எழுதிவிட்டதைப்போல நம்மைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்த பிறகு, அது நாம் படித்த அதே நாவலாக இருப்பதில்லை என்பது வேறு வியப்பு.

அந்தக் கோடுகளைப் பின்தொடர்ந்து இன்றிரவு மீண்டும் முதல் பக்கத்திலிருந்து தொடங்கியிருக்கிறேன்.