நாலு மணி அலாரம்

ராத்திரி 11.30. ப்ளஸ் டூ படிக்கிற எங்க பொண்ணு கெமிக்கல் கைனெடிக்ஸ் கணக்கு போட்டுட்டு இருக்கா, மூணு பக்கம் ஆச்சு, ஒரு அடித்தல் கிடையாது.

"காலைல நாலு மணிக்கு எழுந்து படி கண்ணு, அப்பதான் மனசுல நிக்கும்"னு எங்கம்மா.

நாலு மணிக்கு இதே பொண்ணு ஒரே வரியத்தான் திரும்பத் திரும்ப படிப்பா.

சோம்பேறித்தனமே இல்லங்க இது. டீன் ஏஜ்ல தூக்கத்த வரவைக்கிற மெலடோனின்ங்கற ஹார்மோன் ராத்திரி சுரக்கறதே லேட்டாத்தான், இந்த உடம்புக் கடிகாரம் செல்லுக்குள்ள எப்படி ஓடுதுன்னு கண்டுபிடிச்சதுக்குத்தான் 2017ல மருத்துவ நோபலே கொடுத்தாங்க.

அதனால கஷ்டமான கணக்கெல்லாம் ராத்திரி, காலைல சும்மா ஒரு ரிவிஷன். ஆனா ஸ்கூல் இருக்குல்ல, பன்னெண்டுக்கு லைட் ஆஃப், அதுல மட்டும் நான் ஸ்ட்ரிக்ட்.

உங்க பிள்ளைங்களுக்கு எந்த நேரம் நல்லா ஓடுது?