ஓடு மாற்றப் போய் ஒன்றரை வருஷம்

புது வீட்டுக்கான பிளான் 2023 ஜனவரியில் கைக்கு வந்தது. 1,450 சதுர அடி, கிழக்கே பார்த்த சிட்அவுட். இடம் தக்கலை பக்கத்தில், எங்கள் பழைய ஓட்டு வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் ஏழு சென்ட். காண்ட்ராக்டர் சதுர அடிக்கு 2,500 சொன்னார். 36 லட்சத்துக்கு மேல். லோன் போட்டுச் சமாளிக்கலாம் என்றுதான் பேங்குக்குப் போனேன். அங்கே வக்கீல் பேப்பர்களைப் புரட்டிவிட்டு, "இது கூட்டுப் பட்டா. உட்பிரிவு செய்து உங்க பேருக்குத் தனிப் பட்டா வாங்கிட்டு வாங்க" என்று கட்டைத் திருப்பித் தந்துவிட்டார்.

மூல ஆதாரம் மலையாளத்தில் இருந்தது. 1956-க்கு முந்தைய திருவிதாங்கூர் காலத்துப் பத்திரம். அதைப் படித்துச் சொல்ல ஆள் பிடிக்கவே மூன்று வாரம். சித்தப்பா மக்கள் இரண்டு பேர் வளைகுடாவில். அவர்கள் லீவில் வந்து கையெழுத்துப் போட்டு, அப்புறம் சர்வேயர் வந்து அளந்து... ஒரு வருஷமாவது ஆகும் என்று தெரிந்துபோனது.

நாங்கள் அப்போது நாகர்கோவிலில் மாசம் 9,000 வாடகைக்கு இருந்தோம். "அதை மிச்சம் பிடித்து பழைய வீட்டில் அம்மை கூடவே இருப்போமே, ஓட்டை மட்டும் மாற்றினால் போதாதா" என்றாள் மனைவி. மட்டும்!

வாசல் நிலையின் மேல் 1112 என்று செதுக்கியிருக்கும். வீட்டுக்குத் தொள்ளாயிரம் வயசு என்று என் மகன் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டு வந்தான். அது கொல்லம் ஆண்டு. நம் கணக்குக்கு 1936, 37. தொண்ணூறுக்குப் பக்கத்தில் வயசான கூரை. 2017-இல் ஒக்கிப் புயலில் பலாக்கொப்பு விழுந்த வடபுறத்தில் தகரம்தான் கிடந்தது. மழை வந்தால் ஒழுகும் இடங்களில் அம்மை வரிசையாக ஐந்து சருவப் பாத்திரம் வைப்பாள்.

மே மாதம் வேலை தொடங்கினோம். ஓட்டை இறக்கியதும் ஆசாரி அண்ணன் கூரையைத் தாங்கும் சாய்வு மரமான கழுக்கோல் ஒவ்வொன்றையும் உளியின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டே போனார். பெரும்பாலும் கணீர் என்று கேட்டது. சுவரில் உட்காரும் முனைகளில் மட்டும் பொத்தென்று சத்தம். "அயினி மரமாக்கும் மக்களே, தடி ஒண்ணும் ஆகல்ல. நனைஞ்ச முனையத்தான் சிதல் தின்னிருக்கு" என்றார். முப்பத்திரண்டு கழுக்கோலில் ஏழு மட்டும் மாற்றினோம். ஓடு உட்காரும் குறுக்குச் சட்டமான பட்டியல் முழுக்கப் புதுசு.

ஓட்டில்தான் மாட்டிக்கொண்டேன். நூறு சதுர அடிக்கு 140, 150 ஓடு வேண்டும். உடைந்ததற்குப் பதிலாக, இடித்த வீட்டுச் சாமான் விற்கிற கடையில் 400 பழைய ஓடு மலிவாக வாங்கினேன். மேலே கொண்டுபோய் அடுக்கினால் ஒன்றோடு ஒன்று கவ்வவே இல்லை. வேறு கம்பெனி அச்சு. ஓடு கவ்வும் காடி அரை விரல் விலகியிருந்தது. வாங்குமுன் வீட்டு ஓடு ஒன்றைக் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்க்கத் தோன்றவில்லை எனக்கு. ஆசாரி அண்ணன் கோபப்படாமல் ஒரு வழி சொன்னார்: வீட்டு ஓட்டில் நல்லதெல்லாம் முன்சரிவுக்கு, வாங்கியதெல்லாம் பின்சரிவுக்கு. கலந்தால்தானே பிரச்சினை. பின்சரிவுப் பட்டியலைப் பிரித்து, இடைவெளி மாற்றி மறுபடி அடித்தார்கள். முகட்டு ஓடு பதிப்பதற்குள் இடவப்பாதி மழை வந்துவிட்டது. நீலத் தார்ப்பாயின் கீழ் பதினோரு நாள்.

இரண்டாவது தப்பு சுவர். சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த அறையில் சிமென்ட் பூசச் சொன்னேன். கொத்தனாரும் மறுக்கவில்லை. ஐப்பசி மழை முடிகிறபோது பூச்சு கொப்பளித்து, உப்பு வெள்ளையாகப் பூத்துவிட்டது. பழைய சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுத்து வெளியே விட்டுக்கொண்டிருந்தது. நான் அதன் மூக்கைப் பொத்திவிட்டேன். கொத்திவிட்டு, நீற்றிய சுண்ணாம்பைப் பதினைந்து நாள் ஊறவைத்து மணல் சேர்த்துப் பூசினோம். இரட்டைச் செலவு. வயரிங், கக்கூஸ், அடுக்களை மேடை எல்லாம் சாதாரணமாக முடிந்தன. மொத்தம் 6 லட்சத்து 80 ஆயிரம். நான் போட்ட கணக்கு இரண்டரை.

இடையில் 2024 ஜூலையில், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்ட ஆன்லைனில் சுயசான்று கொடுத்தாலே அனுமதி என்று அரசு அறிவித்தது. ஆசையோடு கணக்குப் போட்டேன். ஏழு சென்ட் என்றால் 3,049 சதுர அடி. பெரிய மனை என்று பீற்றிக்கொண்டதற்குக் கிடைத்த பலன்.

தனிப் பட்டா போன மாதம் வந்துவிட்டது. பிளானைத் தேடினால் மச்சில் அரிசி டின்னுக்கு அடியில் கிடந்தது. மனைவி விரித்துப் பார்த்துவிட்டு, மாடி அறை எதற்கு, இங்கே இருப்பதுபோல ஒரு திண்ணை போடலாமே என்கிறாள். மறுபடி வரையக் கொடுத்திருக்கிறோம்.

முகட்டில், இரண்டு ஓட்டு இனமும் சந்திக்கிற மேற்கு மூலையில் மட்டும் இன்னும் ஒரு சொட்டு விழுகிறது. அம்மை அங்கே ஒரு சருவம் வைத்திருக்கிறாள்.